சொல்வதை எழுதுபவர்

மார்ச் 21

தேர்வுப் பணி ஆணை வந்துவிட்டது. இந்த முறை எனக்கு அறைக் கண்காணிப்பு இல்லை. ‘சொல்வதை எழுதுபவர்’ என்று போட்டிருக்கிறார்கள். பார்வை இல்லாத, கை முடியாத, எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தனி அறையும் கூடுதல் நேரமும் உண்டு. பிள்ளை வாயால் விடை சொல்லும். ஓர் ஆசிரியர் அதை அப்படியே எழுத வேண்டும். இத்தனை வருடப் பணியில் எனக்கு இது புதிது.

“நோகாத வேலை. சொல்றத எழுதோணும், அவ்வளவுதானே?” என்றார் இவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

காஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்திருக்கிறேன். மின்சார அடுப்பில் ரசம் மட்டும் வைத்தேன்.

மார்ச் 24

மதிய இடைவேளையில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. நான் எழுதப்போகும் பெண்ணின் பள்ளித் தலைமையாசிரியர். என் பெயரை எப்படித் தெரிந்துகொண்டாரோ.

“கோகிலவாணி டீச்சருங்களா? நம்ம பிள்ளைக்கு நீங்கதான் எழுதறீங்கன்னு கேள்விப்பட்டேன். பேரு சுபிக்ஷா. எழுத்துங்க, அதுக்கு எழுத்தே வராது. மத்த பிள்ளைக எல்லாம் கண்ண மூடிட்டுப் பாஸ். எங்க நூறு சதவீதம் இந்த ஒண்ணுல நிக்குதுங்க. கொஞ்சம் பார்த்து எழுதுங்க.”

“பிள்ளை சொல்றத எழுதறேனுங்க சார்.”

“அதத்தானுங்க நானும் சொல்றேன். பார்த்து.”

அந்த ‘பார்த்து’ சாயங்காலம் வரை காதில் கிடந்தது. என்னை என்னவென்று நினைத்தார் அந்த மனிதர்? ஒரு பிள்ளையின் தேர்வை நான் எழுதிக்கொடுத்துவிடுவேன் என்றா? இவரிடம் சொன்னபோது, “நீயா? கடைக்காரன் அஞ்சு ரூபா சேர்த்துக் குடுத்தாலே திரும்பப் போய்க் குடுத்துட்டு வர்ற ஆளு” என்று சிரித்தார். எனக்கும் அது ஒரு சமாதானமாக இருந்தது.

மார்ச் 27

இன்று தமிழ்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையைக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் ஒரு மின்விசிறி. கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார்கள்.

அவள் வெறுங்கையோடு வந்தாள். நுழைவுச்சீட்டு மட்டும் இருந்தது. தேர்வுக்கு வரும் பிள்ளையைப் பேனா இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. உயரமான பெண். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி:

“மிஸ், உங்க கையெழுத்து நல்லாருக்குமா?”

“ஏன்?”

“என்னுது கோழி கிளறுன மாதிரின்னு ஒண்ணாவதுல இருந்து கேட்டுட்டேன். இன்னிக்காச்சும் எம் பேப்பர் அழகா இருக்கட்டும்னுதான்.”

குரல் கணீரென்று இருக்கிறது. அவளுடைய அப்பா மைக்செட் வைத்திருக்கிறாராம். சிறுவயதில் கோயில் நோம்பிக்கெல்லாம் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ இவள்தான் சொல்வாளாம். விடை சொல்லும்போது கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறாள். பாடங்களை யாராவது படிக்கக் கேட்டுக் கேட்டே மனத்தில் ஏற்றியிருக்கிறாள். ஒரு தடவை கேட்டது அவளுக்கு மறப்பதில்லை. எழுத்துகள் மட்டும் அவள் கண்முன் நிலையாக நிற்பதில்லை.

கடிதக் கேள்வி வந்தது. தெருவிளக்கு வேண்டி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம்.

“எங்க தெருவுல லைட்டு எரியறதில்லீங்க, முற்றுப்புள்ளி. ராத்திரி ட்யூஷன் முடிச்சு வந்தா நாய் தொரத்துதுங்க, முற்றுப்புள்ளி.”

எழுதினேன். ஒவ்வொரு விடையையும் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது அவள் வழக்கம். படித்தேன்: “எங்கள் தெருவில் விளக்குகள் எரியாத காரணத்தால் பொதுமக்கள் பெரிதும் இன்னலுறுகின்றனர்.”

அவள் என்னையே பார்த்தாள். “இன்னலுறுகின்றனரா? அது யாருங்க மிஸ்?”

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கை தன் பாட்டுக்கு எழுதியிருக்கிறது.

“நான் நாயச் சொன்னேன். நாய எங்க காணோம்?”

“இப்படி எழுதினா மார்க் கூட வரும் கண்ணு.”

“வேண்டாம் மிஸ். அடிச்சுட்டு நாய எழுதுங்க. எங்கப்பா இப்பவே சொல்லுது, டீச்சர்தான் உக்காந்து எழுதறாங்களே, உனக்கென்ன பரீட்சைன்னு. பாஸானா நான் பாஸானதா இருக்கோணும்ல?”

அடித்தேன். நாயை எழுதினேன். கடைசியில் ‘தேர்வர் சொன்னதை மட்டுமே எழுதினேன்’ என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டபோது, அந்த நாயால் மனது லேசாக இருந்தது.

மார்ச் 28

சிலிண்டர் வந்தது. நாய் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

ஏப்ரல் 1

இன்று ஆங்கிலம். சுபிக்ஷாவுக்கு ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு உண்டு. அவள் ஆங்கிலத்தை விட்டிருக்கிறாள். அதனால் எனக்கும் பணி இல்லை. உழவர் சந்தைக்குப் போயிருந்தேன்.

சுரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெண், “டீச்சருங்களா? எம் பொண்ணு போட்டோவுல காட்டுச்சுங்க” என்றார். அவளுடைய அம்மா, ஈஸ்வரி. என்னை எந்தப் போட்டோவில் பார்த்தார்களோ. ஒரு கட்டுக் கொத்தமல்லியை என் பையில் திணித்துவிட்டு, அப்படியே நின்றபடி பேசினார்.

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியில் கூப்பிட்டு, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்த் தனித்தேர்வராக எழுதச் சொன்னார்களாம். தனித்தேர்வர் தோற்றால் பள்ளிக் கணக்கில் வராது.

“நான் மாட்டேன்னுட்டனுங்க. கோயமுத்தூருக்கு எத்தனை நடை, எத்தனை டாக்டரு! எழுத்து வராதுங்கற அந்த டாக்டர் சர்டிபிகேட்ட வாங்கறதுக்குள்ள இவங்கப்பா என்ற கூடப் பேசறதையே நிறுத்திட்டாருங்க. எம் புள்ளைக்கு என்ன ஊனமா, ஊரு முன்னாடி இப்படி எழுதி வாங்கிட்டு வந்துட்டயேன்னு ஒரே சண்டை. பாஸானாலும் அது டீச்சர் பாஸானதுதான்னு இப்பவே சொல்லீட்டிருக்காரு.”

“அப்படி இல்லீங்க. அவ சொல்றத மட்டும்தான் எழுதறேன்.”

“அது எனக்குத் தெரியுமுங்க. நாய் கதைய வந்து சொல்லுச்சே!” என்று வாயைப் பொத்திச் சிரித்தார். “கணக்கு ஒண்ணுதானுங்க பயம். மத்ததெல்லாம் காதுல ஏறிக்குது. கணக்கு ஏற மாட்டேங்குது.”

சுரைக்காய் கூட்டு. இவருக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 4

கணிதம்.

காலையிலேயே அனல். அவள் கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகிறாள். உதடு மட்டும் அசைகிறது. பாதி வழியில் எண் நழுவிவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். வரைபடத்தில் புள்ளிகளை அவள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். சரியான இடத்தில் கோடு விழுந்தபோது, “நேரா வருதா மிஸ்?” என்று எட்டிப் பார்த்தாள். வந்தது.

முதன்மைக் கண்காணிப்பாளர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் தேநீர் அனுப்பினார். ஆறிப்போகும்வரை அது மேசையிலேயே இருந்தது.

ஒன்றைக் கவனித்தேன். கை எழுதிக்கொண்டிருக்க, மனது தன் பாட்டுக்கு மார்க் போட்டுக்கொண்டே வந்தது. இது ஒன்று, இது இரண்டு, இதில் பாதி, இது போச்சு. வருடந்தோறும் விடைத்தாள் திருத்தித் திருத்தி வந்த பழக்கம். நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை.

விட்டுவைத்திருந்த ஒரு இரண்டு மதிப்பெண் கணக்குக்குக் கடைசியில் வந்தோம். கூம்பு. ஆரம் ஏழு, உயரம் ஆறு, கன அளவு என்ன? அவள் களைத்துப்போயிருந்தாள். சொன்னாள். எழுதினேன். படித்துக் காட்டினேன். சரி என்றாள். மணி அடித்தது.

உறுதிமொழியில் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. இரண்டு தடவை உதறிப் போட்டேன்.

வரும் வழியில் தர்பூசணி வாங்கினேன். அறுத்தால் உள்ளே வெளுத்திருந்தது.

ஏப்ரல் 5

எண்ணெய் பாக்கெட்டை டப்பாவில் ஊற்றப் புனலை எடுத்தேன். “அதக் கையில வச்சுட்டு எத்தனை நேரம் நிப்ப?” என்று இவர் கேட்டார்.

ஏப்ரல் 8

அறிவியல். என் பாடம் என்பதால் நான் எழுதக் கூடாது. வேறொரு ஆசிரியை போனார். இட்லிக்கு அரைத்தேன். உளுந்து பொங்கி வரவில்லை.

அந்த ஆசிரியை எப்படி எழுதுவாரோ. அவள் சொல்வதை ஒழுங்காகக் கேட்பாரா? திருப்பிப் படித்துக் காட்டுவாரா?

ஏப்ரல் 10

சமூக அறிவியலோடு தேர்வு முடிந்தது. இன்று கொட்டித் தீர்த்துவிட்டாள். அவள் வேகத்துக்கு எழுதி எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. இடையில், “கொஞ்சம் மெதுவா கண்ணு” என்றதற்கு, “எங்கப்பா மைக்க வாடகைக்கு வாங்குன ஆளுக மாதிரி பேசறனா மிஸ்?” என்று சிரித்தாள்.

எல்லாம் கட்டிக் கொடுத்த பிறகு தாழ்வாரத்தில் என்னோடு நடந்து வந்தாள்.

“மிஸ், கணக்குல எவ்வளவு வரும்னு பாத்துட்டேன்.”

“எப்படி?”

“அம்மாவக் கேள்வி படிக்கச் சொன்னேன். நான் உங்ககிட்டச் சொன்னதெல்லாம் அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒண்ணு விடல. எங்க சித்தி பொண்ணு பன்னெண்டாவது, அவ திருத்துனா. முப்பத்து நாலு வருது.” நடையைக் குறைத்தாள். “அந்தக் கூம்பு போச்சு மிஸ். மூணுல ஒரு பங்குன்னு வரோணும். நான் உருளைக்குப் போடற மாதிரிச் சொல்லிட்டேன். அது மட்டும் வந்திருந்தா தாண்டியிருப்பேன்.”

நான் பைக்குள் தண்ணீர்ப் புட்டியைத் தேடினேன்.

“ஒரு மார்க் போட்டு விட்டுருவாங்களா மிஸ்?”

“விடலாம். பார்க்கலாம்.”

“விடாட்டியும் போகுது. துணைத் தேர்வு இருக்குதே! ஜூலைல கணக்கு மட்டும் தனியா உக்காந்து எழுதிருவேன். கூம்பு இனி செத்தாலும் மறக்காது.”

அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். வெயில்.

ஏப்ரல் 22

விடைத்தாள் திருத்தும் முகாம். நான் அறிவியல். மதியச் சாப்பாட்டில் ஒரு கணித ஆசிரியர் எதிரே உட்கார்ந்தார். கூம்புக் கணக்கில் சூத்திரம் தப்பாக இருந்தால் படிக்கு ஏதாவது மார்க் உண்டா என்று கேட்டேன்.

“சூத்திரமே தப்புன்னா எதுக்குங்க மார்க்கு?”

“சரியா இருந்தா?”

அவர் தயிர்சாதத்திலிருந்து நிமிர்ந்தார். “சரியா இருந்தா ரெண்டு. இதென்னங்க டீச்சர் கேள்வி?”

மே 3

இத்தனை நாளாக எதையும் எழுதத் தோன்றவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன். நல்ல தண்ணீர் வரும் நாளை மாற்றிவிட்டார்கள்.

மே 19

முடிவு வந்துவிட்டது. அவளுடைய பதிவெண் எனக்கு மனப்பாடம். நான்கு தாள்களையும் நானே எழுதியதுபோல் நினைவிருக்கிறது, எழுதியது மூன்றைத்தான். காலையிலிருந்து இணையம் சுற்றிச் சுற்றி நின்றது. கடைசியில் திறந்தது.

தமிழ் 58. அறிவியல் 47. சமூக அறிவியல் 71. கணிதம் 36. தேர்ச்சி.

மதியம் அந்தத் தலைமையாசிரியர் அழைத்தார். “நூறு சதவீதமுங்க டீச்சர்! மாவட்டத்துல பேரு வந்துருச்சு. நான் சொன்னதுக்குப் பார்த்துத்தான் எழுதியிருக்கீங்க!”

“அவ சொன்னதத்தான் எழுதினேன்” என்றேன்.

“ஆமாங்க, ஆமாங்க” என்று அவர் சிரித்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. இணைப்பைத் துண்டித்தேன்.

ஏன் கோபப்பட்டாய் என்று இவர் கேட்டார். நல்ல செய்திதானே என்றார். நல்ல செய்திதான்.

மே 20

ஈஸ்வரி அழைத்தார். “ஒரே ஒரு உபகாரமுங்க. ஒருக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போகோணும். அவங்கப்பா நம்ப மாட்டேங்கறாரு. மிட்டாய் வாங்கக்கூடப் போகல. நீங்க வாயால ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நம்புவாருங்க.”

அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

“அவளுங்களா? ரெண்டு நாளா வாயே தொறக்கல. அப்பன் இப்படிப் பேசுனா யாருக்குத்தான் இருக்கும்?”

சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். பேருந்து இல்லை, தலைவலி என்று ஏதாவது.

மே 23

போய்விட்டு வந்தேன்.

வாசல் முழுக்க ஒலிபெருக்கிக் குழாய்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வருகிற வாரம் மாரியம்மன் நோம்பியாம். அவளுடைய அப்பா மோகன்ராஜ் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். முரட்டு மனிதர் என்று நினைத்திருந்தேன். கூச்சப்படுகிற ஆள்.

ஈஸ்வரி காப்பி கொடுத்தார். சுபிக்ஷா கதவோரம் சாய்ந்து நின்றாள்.

“தப்பா நெனைக்கப்படாதுங்க டீச்சர்” என்றார் அவர் தரையைப் பார்த்து. “நாலு பேரு கேக்கறாங்க. உம் புள்ளைக்கு டீச்சர் எழுதிப் பாஸாமேங்கறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்? எனக்கு நெசம் தெரிஞ்சாப் போதுமுங்க. பெயிலுன்னாலும் பொறுத்துக்குவேன். என்ற புள்ள சொன்னதத்தான் எழுதுனீங்களா?”

தமிழில் நாயைச் சொன்னேன். சமூக அறிவியலில் என் கை வலித்ததைச் சொன்னேன். வரைபடத்தில் அவள் சொன்ன புள்ளிகளில் கோடு நேராக வந்ததைச் சொன்னேன். எல்லாம் உண்மை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மறுபடி, “எல்லாமே அவ சொன்னதுதானுங்களா?” என்றார்.

“எல்லாமே அவ சொன்னதுதானுங்க.”

அவர் முகம் மாறிய விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுந்து போனார். மிட்டாய் வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஒரு குழாயை நிமிர்த்தி வைத்தார், பெட்டியில் ஏதோ திருகினார், மைக்கைத் தட்டினார்.

“ஹலோ, மைக் டெஸ்டிங். ஹலோ. என்ற பொண்ணு சுபிக்ஷா பத்தாவது பாஸுங்க! அவளே சொல்லி, அவளே பாஸுங்க! கணக்குல முப்பத்தாறு! ஹலோ.”

எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். “ஏப்பா மோகனு, முப்பத்தாறுக்கே இந்தச் சத்தமா!” என்று ஒரு கிழவர் தெருவிலிருந்து கத்தினார். ஈஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“பஸ் ஸ்டாப் வரைக்கும் வாரேன் மிஸ்” என்றாள் அவள்.

தெருமுனை தாண்டினோம். ஒலிபெருக்கி இன்னும் முப்பத்தாறு, முப்பத்தாறு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“கூம்பு மிஸ்” என்றாள்.

“என்ன கூம்பு?”

அப்படித்தான் கேட்டேன்.

“ரெண்டு மார்க் சும்மா வராது மிஸ். நான் எல்லாம் ஒண்ணு ஒண்ணா யோசிச்சுப் பாத்துட்டேன். அது ஒண்ணுதான்.” அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பெயிலாயிருந்தா ஜூலைல எழுதியிருப்பேன். இப்ப அதும் எழுத முடியாது. பாஸானவங்கள எழுத விட மாட்டாங்கல்ல?”

“விடமாட்டாங்க.”

“அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன் மிஸ். பாவம், மைக்கெல்லாம் போட்டுட்டாரு.”

பேருந்து வருவது தெரிந்தது. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் என் பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டாள், பெரியவர்களுக்குச் செய்வதுபோல.

“பிளஸ் டூவுக்கும் எழுதறதுக்கு ஆளு போடுவாங்க. உங்களப் போட்டாங்கன்னா வரமுடியாதுன்னு சொல்லிருங்க மிஸ்” என்றாள்.

சரி என்றேன். அவள் திரும்பி, ஒலிபெருக்கிச் சத்தத்தை நோக்கி நடந்தாள். ஏறி உட்கார்ந்தும் எனக்குச் சீட்டு வாங்கத் தோன்றவில்லை. நடத்துநர் இரண்டு தடவை கேட்டார்.

மே 24

இவர் வெளியே போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை.

முப்பத்து நாலில் வந்து நின்றிருந்தோம். அது எனக்கும் தெரியும். அவளுக்குச் சித்தி மகள் திருத்திக் கொடுப்பதற்கு முன்பே, அந்த அறையிலேயே தெரியும். அவள் சொன்னாள். நான் வேறொன்றை எழுதினேன். படித்துக் காட்டும்போது எழுதியதைப் படிக்காமல் அவள் சொன்னதைப் படித்தேன். அவள் சரி என்றாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

கூம்பின் கன அளவு சமம் பை ஆர் ஸ்கொயர் எச், முற்றுப்புள்ளி. இருபத்திரண்டின் கீழ் ஏழு, பெருக்கல் ஏழு, பெருக்கல் ஏழு, பெருக்கல் ஆறு, முற்றுப்புள்ளி. விடை தொள்ளாயிரத்து இருபத்து நான்கு கன சென்டிமீட்டர், முற்றுப்புள்ளி.